வலை இழுத்தவர் கண்ணி வாரினர்

“யுத்த காலத்திலே கடலில் இடப்படும் கண்ணிகளைக் கப்பல்கள் கண்டு விலகிப் போகலாமே, அவற்றை வாரி எடுப்பதற்கென்று தனிக் கப்பல்கள் எதற்கு?” என்று மாணவர் ஒருவர் எமக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்விதான். ஆனால் கடற்கண்ணி பெரும்பாலும் மிதந்து திரிவதன்று. நீர்மட்டத்துக்குச் சில அடி கீழே, கண்ணுக்குப் புலப்படாத ஆழத்தில், நங்கூரமிட்ட தோணிபோல் ஓரிடத்திலே நின்று காத்திருப்பது. கண்ணுக்குத் தெரிந்தால் அது கண்ணியே அன்று. இந்தக் காணாப் பொருளைத் தேடி எடுக்கும் வேலையின் பெரும் பாரத்தைச் சுமந்தவர்கள் போர்ப் பயிற்சி பெற்ற வீரர்கள் அல்லர். வடகடலிலே மீன்பிடித்துச் சீவனம் நடத்திய தொழிலாளிகள். அவர்கள் கதையையே இவ்வாரம் சொல்லலாம் என்று எண்ணுகிறோம்.

முதலிற் கண்ணியின் அமைப்பைச் சொல்லிவிடுவோம். வாய் மூடிய ஒரு பெரிய இரும்புக் குடத்தை மனத்திலே நினைத்துக் கொள்ளுங்கள். அதனுள்ளே ஒரு பகுதி வெடிமருந்து. மற்றப் பகுதி வெறுங் காற்று. காற்று இருப்பதால் குடம் எப்போதும் மேலெழவே முயலும். ஆனால் கடலின் தரையிலே ஒரு பாரம் கிடக்கிறது. அந்தப் பாரத்தோடு குடத்தை ஓர் உருக்கு வடம் பிணைத்திருக்கிறது. வடத்தின் நீளத்தைக் கணக்காக விட்டால் குடம் வேண்டிய ஆழத்திலே நிற்கும். குடத்தின் மேற்புறத்தில் ஈயத்தாற் செய்த சில கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கொம்பினுள்ளும் ஒரு கண்ணாடிக் குழாய். குழாயினுள் ஒரு திராவகம். கப்பலின் வயிறு பட்டு ஈயக்கொம்பு வளைந்தாற் கண்ணாடி உடையும். திராவகம் வழிந்து உள்ளேயுள்ள தகடுகளை நனைக்கும். அந்த நொடியே மின்சாரம் பிறந்து வெடி தீரும். பக்கத்திலே காவல் நிற்க எவரும் வேண்டியதில்லை. வருகின்ற கப்பல் பகைவனுடையதா, இட்டவனுடையதா, இரண்டுமற்ற ஒரு வியாபாரியுடையதா என்று அந்தக் குடம் கேட்பதுமில்லை.

இதன் கொடுமையை உலகம் நன்றாக உணர்ந்தது 1904 ஆம் ஆண்டிலே, ருஷ்யாவும் யப்பானும் பொருத யுத்தத்தில். அவ்வாண்டு ஏப்பிரல் 13 ஆம் திகதி போர்ட் ஆர்தர் துறைக்கு வெளியே ‘பெற்றோபாவ்லொவ்ஸ்க்’ என்னும் ருஷ்யக் கொடிக்கப்பல் யப்பானியர் இட்ட கண்ணியில் மோதியது. ருஷ்யர் பெரிதும் நம்பியிருந்த அட்மிரல் மக்காறொவும், யுத்தத்தின் கோரத்தையே தீட்டிப் புகழ்பெற்ற ஓவியர் வெறெஷ்சாகினும் அதனோடு மூழ்கினர். ஒரு மாதங் கழித்து, மே 15 ஆம் திகதி, ருஷ்யர் இட்ட கண்ணிகள் யப்பானியரின் பெரும் போர்க்கப்பல்கள் இரண்டை ஒரே நாளிற் பலிகொண்டன. ஆண்டுக் கணக்காகப் பாடுபட்டுக் கட்டிய கப்பலை அற்ப விலையுள்ள ஓர் இரும்புக் குடம் சில நிமிடங்களில் அழித்துவிட்டது. இதைக் கண்டு அதிகமாகக் கலங்கியது பிரித்தானியக் கடற்படைதான். இறக்குமதி நின்றாற் பட்டினி கிடக்கும் தீவு அவர்களுடையது அல்லவா?

கடற்படைத் தளபதிகளுள் ஒருவராகிய லோர்ட் சாள்ஸ் பெரெஸ்போர்ட் 1907 ஆம் ஆண்டிலே கிறிம்ஸ்பி முதலிய மீன்பிடித் துறைகளைப் போய்ப் பார்த்தார். அங்கே ‘ட்ரோலர்’ எனப்படும் இழுவைக் கப்பல்கள் நூற்றுக்கணக்கிலே நின்றன. நீராவியால் ஓடும் உருக்குக் கப்பல்கள் அவை. ஒரு பெரிய மடிவலையைக் கடலின் தரையோடு தரையாக மணிக் கணக்கில் இழுத்துச் சென்று, பின்னர் நீராவிச் சுற்றுருளையால் வடத்தைச் சுருட்டி மடியை மேலேற்றுவதே அவற்றின் தொழில். எங்கள் கரைகளிலே கரைவலை இழுப்பதைக் கண்டவர்களுக்கு மடி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கரைவலையைக் கரையில் நின்று மனிதர் இழுக்கிறார்கள். இதனைக் கடலில் ஓடிக்கொண்டே கப்பல் இழுக்கிறது. வித்தியாசம் அவ்வளவே.

பெரெஸ்போர்ட்டின் எண்ணம் எளிமையானது. கண்ணியை வாருவது என்றால் நீருக்கடியில் ஒரு வடத்தை இழுத்துச் செல்வது. போர்க்கப்பலின் மாலுமிக்கு அது புதிய வித்தை. மீன்பிடிப்பவனுக்கோ நாளாந்த வேலை. வடத்தின் அதிர்வைக் கொண்டே அடியிலே கிடப்பது பாறையோ சேறோ என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். யுத்தம் வந்தால் மீன்பிடி நிலங்கள் மூடப்பட்டு அவர்களுடைய கப்பல்களும் சும்மா கிடக்கும். ஆகவே அவர்களையே அழைத்துக் கொண்டால் என்ன? அடுத்த ஆண்டு, 1908 இல், ‘அல்கோமா’, ‘அண்டீஸ்’ என்னும் இரண்டு கிறிம்ஸ்பி ட்ரோலர்களை வாடகைக்கு அமர்த்திப் பரீட்சித்துப் பார்த்தனர். சோதனை சித்தி பெற்றது. அதன்பின் மீனவர்களைக் கொண்ட ஒரு சேமப்படை அமைக்கப்பட்டது. 1914 ஆம் ஆண்டு யுத்தம் மூண்டபோது ஏறக்குறைய 80 ட்ரோலர்கள் அழைத்த மாத்திரத்தே வரக் காத்திருந்தன. நாலு வருடங்களில் அது ஆயிரத்துக்கும் மேலாகப் பெருகப்போவதை அப்பொழுது எவர் நினைத்திருப்பார்!

வாரும் முறையைச் சிறிது விரிவாகச் சொல்வது நன்று. இரண்டு ட்ரோலர்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 500 யார் இடைவெளி விட்டு, சமமாக, ஒரே வேகத்தில் ஓடும். இரண்டுக்கும் நடுவே நீரினுள் ஓர் உருக்கு வடம். வடம் மேலே வந்துவிடாமல் வேண்டிய ஆழத்தில் நிற்பதற்கு ஒவ்வொரு கப்பலும் ஒரு பாரமான மரச்சட்டத்தைப் பின்னே இழுத்துச் செல்லும். இதனை மாலுமிகள் ‘பட்டம்’ என்றே அழைத்தனர். நாம் விடுகிற பட்டம் காற்று எதிர்க்க எதிர்க்க மேலே ஏறுகிறது. இந்தப் பட்டமோ நீர் எதிர்க்க எதிர்க்கக் கீழே இறங்கும். சாய்த்துக் கட்டும் விதத்திலேதான் சூட்சுமம் இருக்கிறது. இவ்வாறு ஓடும்போது நடுவடம் கண்ணியின் வடத்திலே மாட்டி, அதனை வாள்போல் அராவி அறுக்கும். அறுபட்ட கண்ணி குபீரென்று மேலே கிளம்பிவந்து மிதக்கும். துப்பாக்கியாற் சுட்டால் ஓட்டை விழுந்து மூழ்கும். குண்டு கொம்பிலே பட்டால் வானளாவிய நீர்த்தூணோடு வெடிக்கும்.

மீன்பிடிக்க வைத்திருந்த சுற்றுருளையே வடத்தைச் சுருட்ட உதவியது. மடியைத் தாங்கிய இரும்பு வளைவுகளே பட்டத்தையும் தாங்கின. மீன் அறையைத் துப்புரவாக்கி மாலுமிகள் படுக்கும் இடமாக மாற்றினார்கள். முன்புறத்தில் ஒரு சிறு பீரங்கியைப் பூட்டினார்கள். கப்பலுக்குச் சாம்பல் வர்ணம் அடித்தார்கள். மீன் நாற்றம் மாத்திரம் எந்த வர்ணத்துக்கும் மசியவில்லையாம்.

சொல்லும்போது இலகுவாக இருக்கிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். இரண்டு கப்பல்களுக்கு நடுவேயுள்ள வடந்தான் கண்ணியைப் பிடிக்கும். கப்பலின் முன்னே அதைக் காக்க ஒன்றுமில்லை. முதற் சோடி போவது எப்பொழுதும் வாராத நீரிலேதான். ட்ரோலரின் அடிப்பாகமோ ஆழமானது. கடல் வற்றும் வேளையிலே கண்ணி நீர்மட்டத்தை நெருங்கி நிற்கும். ஆகையால் வற்றுக் காலத்தைத் தவிர்த்து, பெருக்குக் காலத்தைப் பார்த்தே வேலை செய்ய வேண்டும். நிலவையும் நீரையும் பார்த்துத் தொழில் செய்தவர்களுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். அப்படியிருந்தும் சில வேளைகளிற் கண்ணி அறுபடாமல் வடத்திலே சிக்கிக்கொண்டு, வடத்தைச் சுருட்டும்போது கப்பலின் பின்புறத்துக்கே வந்து தொங்கும். அலையில் ஆடி ஆடிக் கப்பலை முட்டப்போகும் அதனை மெல்ல விலக்கிவிட வேண்டியது அங்கு நிற்கும் மனிதனின் பொறுப்பு.

யுத்தம் பிரகடனமான மறுநாளே, 1914 ஆகஸ்டு 5 ஆம் திகதி, ‘கேனிகின் லூயிஸ்’ என்னும் ஜேர்மானியக் கப்பல் இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பாற் கண்ணிகளை இட்டது. பிரித்தானியர் அதனைத் துரத்தி மூழ்கடித்து, நீரில் தத்தளித்த ஜேர்மானியரை ‘அம்பியன்’ என்ற போர்க்கப்பலில் ஏற்றினர். மறுநாட் காலை அம்பியன் அதே கண்ணிகளில் மோதியது. தாம் கடலில் இட்ட கண்ணியாலேயே அந்த ஜேர்மானியருட் பலரும், அவர்களைக் காப்பாற்றிய மாலுமிகளோடு சேர்ந்து மாண்டனர்.

அவ்வாண்டு டிசம்பர் 16 ஆம் திகதி ஜேர்மானியப் போர்க்கப்பல்கள் ஸ்காபரோ முதலிய கரையோரப் பட்டினங்களின்மேற் குண்டு பொழிந்தன. பட்டினங்கள் எரிவதையே எல்லோரும் பார்த்துக் கொண்டிருந்தபோது, ‘கொல்பேர்க்’ என்னும் கப்பல் சத்தமில்லாமல் 100 கண்ணிகளைக் கரைக்கு அப்பால் இட்டுச் சென்றது. மூன்று நாட்களின் பின் ட்ரோலர்கள் அந்தக் கண்ணி வயலுக்குள் நுழைந்தன. சில நிமிடங்களுக்குட் கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. ‘ஓறியண்டா’ என்னும் ட்ரோலர் மூழ்கியது. வேறு சில சேதமுற்றன. அடுத்த நாளும் எஞ்சியவை வேலைக்கு வந்தன.

இனிச் சொல்லப்போவது இந்த மீனவர்களுக்குப் புகழ் தந்த கதையன்று. பழி தந்த கதை. அந்தப் பழி நியாயமானதா என்பதே நாம் வாசகர்முன் வைக்க விரும்பும் வழக்கு.

1915 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரித்தானியரும் பிரான்சியரும் துருக்கியின் தார்தனெல்ஸ் நீரிணையைக் கடற்படையைக் கொண்டே பிளந்து சென்று, கொன்ஸ்தாந்திநோபிள் நகரை மிரட்டிப் பணியவைக்கலாம் என்று திட்டமிட்டனர். நீரிணையின் ஒடுங்கிய பகுதியில் துருக்கியர் வரிசை வரிசையாக 300 க்கு மேற்பட்ட கண்ணிகளை இட்டிருந்தனர். கரையிலுள்ள பீரங்கிகளை அடக்கினாலன்றிக் கண்ணிகளை வார முடியாது. கண்ணிகளை வாரினாலன்றிப் போர்க்கப்பல்கள் உள்ளே போய்ப் பீரங்கிகளை அடக்க முடியாது. விதையில்லாமல் மரமில்லை, மரமில்லாமல் விதையில்லை என்பதைப் போன்ற இந்தச் சிக்கலை அவிழ்க்கும்படி அனுப்பப்பட்டவர்கள் யார்? கிறிம்ஸ்பி போன்ற துறைகளிலிருந்து வந்த மீன்பிடிக் கப்பல்களும் அவற்றின் மீனவரும்.

நீரிணையிலே கருங்கடல் நீர் எந்நேரமும் வெளியே பாய்ந்துகொண்டிருக்கிறது. அந்த எதிர்நீரோட்டத்திலே வடத்தையும் பட்டத்தையும் இழுத்துக்கொண்டு போகும் ட்ரோலர், கரையில் நிற்பவன் கண்ணுக்கு நடந்துபோகும் மனிதனிலும் மெதுவாகவே நகரும். இரவிலே போனால் துருக்கியரின் தேடுவிளக்குகள் பட்டப்பகல்போல் ஒளி வீசும். இரு கரைகளிலிருந்தும் பீரங்கிகள் சுடும். போதாக்குறைக்கு அங்கே இடப்பட்டிருந்த கண்ணிகளின் ஆழத்திலும் பார்க்க ட்ரோலர்களின் அடி ஆழமாக இருந்தது. முதல் இரவுகளில் அவர்கள் போனார்கள். குண்டு மழையிலே திரும்பினார்கள். மார்ச் 10 ஆம் திகதி இரவு ஒரு ட்ரோலர் கண்ணியிற் பட்டு மூழ்கியது. கண்ணிக்குத் தாம் அஞ்சவில்லையென்றும், பீரங்கிகளின் வாய்க்கு நேரே ஊர்ந்து செல்வதற்கென்று தாம் கையொப்பம் வைக்கவில்லையென்றும் மீனவர்கள் முறையிட்டனர்.

கடற்படை உத்தியோகத்தர்கள் சீறினர். தளபதியின் பிரதம உதவியாளராகிய றொஜர் கீஸ் மிகவும் கோபங் கொண்டார். மேலதிகப் பணம் தருவதாகச் சொல்லிப் பார்த்தனர். பின்னர் போர்க்கப்பல்களிலிருந்து தொண்டர்களாக முன்வந்த உத்தியோகத்தரையும் மாலுமிகளையும் ட்ரோலர்களில் ஏற்றி, மார்ச் 13 ஆம் திகதி இரவு மறுபடியும் அனுப்பினர். இம்முறை ஒருவரும் பின்வாங்கவில்லை. தேடுவிளக்குகளின் ஒளியிலே குண்டுகளை ஏற்றபடி கண்ணி வயலைக் கடந்து மேலே சென்றனர். ஆனால் வடத்தை விடுவதற்குத் திரும்பியபோது பெரும்பாலான கப்பல்களில் சுற்றுருளையும் கருவிகளும் உடைந்து கிடந்தன; இயக்க வேண்டியவர்களுட் பலர் இறந்தும் காயமுற்றும் கிடந்தனர். துணைக்குச் சென்ற ‘அமெதிஸ்ட்’ என்னும் போர்க்கப்பலும் பலத்த அடிபட்டது. வாரப்பட்ட கண்ணிகள் மிகச் சில.

மீனவரின் மனந்தான் குறைபாடு என்றால், மனம் மாறிய அந்த இரவிலே வேலை முடிந்திருக்க வேண்டும் அன்றோ? முடியவில்லை. குறை மனத்திலே இல்லை. கொடுத்த வேலைக்குக் கொடுத்த கப்பல் போதாது என்பதிலேதான் இருந்தது. சேற்றுழவுக்குப் பழக்கிய எருதைத் தேர்ப்பந்தயத்தில் ஓடவிட்டு, அது தோற்றதும் எருதைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்?

மார்ச் 18 ஆம் திகதி பகலிலே பெரும் போர்க்கப்பல்கள் தாக்கச் சென்றன. பத்து நாட்களுக்கு முன் ‘நுஸ்றெத்’ என்னும் சிறிய துருக்கிக் கப்பல் இருளிலே வந்து, எறென்கொய் குடாவிற் கரையோடு ஒட்டி 26 கண்ணிகளை ஒரு வரிசையாக இட்டுவிட்டுப் போயிருந்தது. அவற்றை எவரும் கண்டுபிடிக்கவில்லை. பிரான்சியரின் ‘பூவே’ என்ற கப்பல் வெடித்து, ஏறக்குறைய இரண்டு நிமிடங்களில் 600 க்கு மேற்பட்டவர்களோடு கவிழ்ந்தது. பிரித்தானியரின் ‘இறெசிஸ்ரிபிள்’, ‘ஓஷன்’ என்னும் இரண்டும் அன்றே அழிந்தன. அதற்குப் பின்புதான் விரைவாக ஓடும் நாசகாரிக் கப்பல்களுக்கு வாரும் கருவியைப் பொருத்தினார்கள். மீனவர் பலரை நாட்டுக்கு அனுப்பினார்கள். நாசகாரிகளை முதலிலேயே அனுப்பியிருக்கலாகாதா என்ற கேள்விக்கு யாரிடமும் நல்ல விடை இல்லை. அதற்குட் கடல் வழியாக நீரிணையைப் பிளக்கும் எண்ணமே கைவிடப்பட்டுவிட்டது. பின்னர் தரையிறங்கிய சேனைகள் கல்லிப்பொலியிலே பட்ட பாட்டைச் சரித்திர மாணவர்கள் அறிவார்கள்.

இதே மீனவர்கள் தம் சொந்தக் கடலிலே நாலு வருடம் நாள்தோறும் விடியற்காலையில் வாய்க்கால் வாய்க்காலாகப் பாதை வாரிக் கொடுத்தார்கள். தானியக் கப்பலும் நிலக்கரிக் கப்பலும் அப்பாதை வழியே வந்தன. அந்த யுத்தத்திலே பிரித்தானியர் இழந்த கண்ணிவாரிக் கப்பல்கள் 200 க்கு மேல். வாடகைக்கு எடுத்தவை போதாமற் புதிதாகவும் பல ட்ரோலர்களைக் கட்டினார்கள். அவற்றுக்கு இட்ட பெயர்கள் சுவையானவை. 1805 ஆம் ஆண்டில் த்ரபல்கார் போரிலே நெல்சனின் ‘விக்டரி’ கப்பலிலும், ‘றோயல் சொவறின்’ கப்பலிலும் வேலை செய்த சாதாரண மாலுமிகளின் பெயர்களை இடாப்பிலிருந்து எடுத்துச் சூட்டினார்கள். தளபதிகளுக்கே கப்பற்பெயர் என்ற வழக்கம் ஒருமுறையாவது மாறியது எமக்கு மகிழ்ச்சியே.

கண்ணிகள் வடகடலோடு நின்றுவிடவில்லை. சென்னைமேற் குண்டு வீசிய ‘எம்டன்’ கப்பலை அறியாத தமிழர் இல்லை. மகா சூரனான ஒருவனை “அவன் ஒரு எம்டன்” என்று சொல்லுமளவுக்கு அப்பெயர் எங்கள் பேச்சிலே கலந்துவிட்டது. ஆனால் ‘வொல்ப்’, அதாவது ஓநாய், என்னும் கப்பலைச் சிலரே அறிவார்கள். வியாபாரக் கப்பல்போல் வேடம் பூண்ட இந்த ஜேர்மானியக் கப்பல் 1917 பெப்ருவரியில் கொழும்புத் துறைக்கு அப்பாற் கண்ணிகளை இட்டுவிட்டு மறைந்தது. 17 ஆம் திகதி ‘வூஸ்ரர்ஷயர்’ என்ற கப்பலும், 21 ஆம் திகதி ‘பேர்சியுஸ்’ என்ற கப்பலும் அவற்றில் மோதி மூழ்கின. எம்டன் முழக்கத்தோடு வந்தது. ஓநாய் மௌனமாக வந்தது.

யுத்தம் 1918 நவம்பரில் முடிந்தது. கண்ணிகளுக்கு அந்தச் செய்தி தெரியாதல்லவா? 1919 ஆம் ஆண்டு முழுவதும் தொண்டர்களைக் கொண்டு கடலை வாரினார்கள். இக்காலத்திலேதான் ஒரே கப்பல் தனியாக வாரும் புதிய முறையும் கைவந்தது. வடத்தின் நுனியில் ஒரு மிதவையைக் கட்டி, மடிவலையின் வாயை அகட்டும் பலகைபோன்ற ஒன்றால் வடத்தை ஒரு பக்கமாக விலகி ஓடவைப்பதே அதன் தந்திரம். இதனை முதலிற் பரீட்சித்த ட்ரோலரின் பெயர் ‘ஒறொபேசா’. உலகின் கடற்படைகள் அக்கருவியை இன்றும் அந்தப் பெயராலேயே அழைக்கின்றன. அடிப்படையில் அது மீனவனின் வலைப்பலகையே.

1939 ஆகஸ்டு மாதம். யுத்தம் மறுபடியும் நெருங்கிவிட்டது. இங்கிலாந்தின் கிழக்கு முனையிலுள்ள லோஸ்டொப்ட் பட்டினத்திலே ‘சிட்டுக்குருவிக் கூடு’ என்ற பொருள்படும் பெயருடைய ஒரு பூங்காவும் அதனுள்ளே ஓர் அரங்கமும் இருந்தன. விடுமுறைக்கு வருபவர்கள் பாட்டும் கூத்தும் கேட்கும் இடம். அதனையே கடற்படை எடுத்து, மீனவச் சேமப்படையின் தலைமையிடமாக்கியது. பின்னர் அதற்கு ‘யுரோப்பா’ என்று போர்க்கப்பலின் பெயரையே இட்டனர். யுத்தம் முடிவதற்குள் 70,000 க்கு மேற்பட்டோர் அந்தப் படையிலே சேவை செய்தனர்.

இப்படைக்கு மற்ற மாலுமிகள் இட்ட பரிகாசப் பெயர் ‘ஹரி டேற்றின் கடற்படை’. ஹரி டேற் என்பவர் அந்நாளிலே புகழ்பெற்ற ஒரு விகடக் கலைஞர். ஓடாத மோட்டார் வண்டியோடு மல்லுக்கட்டும் அவருடைய நடிப்பைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. துருப்பிடித்த ட்ரோலர்களைக் கண்டவர்களுக்கு அந்த வண்டி ஞாபகம் வந்ததில் வியப்பில்லை. மீனவர்களோ அந்தப் பெயரைக் கோபிக்காமல் ஏற்றுக்கொண்டு தாமே சொல்லித் திரிந்தனர். இப்படையினருக்கு மாத்திரம் ஒரு சிறு வெள்ளிச் சின்னம் வழங்கப்பட்டது. மீன்வலையின் பின்னணியிலே ஈட்டியால் குத்தப்பட்ட ஒரு சுறா. வலையிற் சிக்கிய இரண்டு கண்ணிகள். அந்தச் சின்னம் வேண்டுமென்றால் ஆறுமாதம் அந்தக் கடலிலே உழைத்திருக்க வேண்டும்.

இம்முறை பகைவனும் புதிய வித்தை கற்று வந்திருந்தான். 1939 நவம்பரில் கப்பல்கள் எதிலும் முட்டாமலே வெடித்தன. அம்மாதம் 23 ஆம் திகதி, ஷூபரிநெஸ் என்னுமிடத்துச் சேற்றிலே விமானத்தால் விழுந்து கிடந்த ஒரு கண்ணியை ஜோன் ஊவ்றி என்னும் உத்தியோகத்தர் தம் கையாலேயே கழற்றினார். அது காந்தக் கண்ணி. வடமில்லை, கொம்பில்லை, கடலின் தரையிலே படுத்துக் கிடந்து, மேலே செல்லும் உருக்குக் கப்பலின் காந்தத்தை உணர்ந்து வெடிப்பது. அறுப்பதற்கு வடமே இல்லாதபோது அறுக்கும் வடத்தால் என்ன பயன்? முப்பது வருடத் தேர்ச்சி ஒரே நாளிற் பயனற்றது போலாயிற்று. விஞ்ஞானிகள் வழி கண்டனர். இரண்டு கப்பல்கள் மிதக்கும் மின்வடங்களை நீள இழுத்துச் சென்று, கடல்நீரினூடே மின்சாரத்தைப் பாய்ச்சிக் கண்ணியை ஏமாற்றி வெடிக்கவைப்பது அந்த வழி. அதற்கு மரக்கப்பல்களே உகந்தவை. எனவே உருக்கு ட்ரோலர் வந்தபின் மதிப்பிழந்திருந்த பழைய மர மீன்பிடிப் படகுகளுக்கு மறுபடியும் மவுசு பிறந்தது. 1940 இல் கப்பலின் சத்தத்தைக் கேட்டு வெடிக்கும் கண்ணி வந்தது. அதற்கு மாற்றாகக் கப்பலின் முன்புறத்திலே ஒரு சம்மட்டியை வைத்து ஓயாமல் அடித்துச் சத்தம் உண்டாக்கினார்கள். அந்தக் கப்பலிலே தூங்க முயன்றவர்களின் நிலையை வாசகர்களே ஊகித்துக் கொள்ளட்டும்.

எங்கள் நாட்டுக்கும் இக்கதையிலே பங்கு உண்டு. 1938 இல் தொடங்கப்பட்ட இலங்கைக் கடற்படைத் தொண்டர் படையினர் கடலனுபவம் பெற்றது பெரும் போர்க்கப்பல்களில் அன்று. ட்ரோலர்களிலும், தென்துருவக் கடலிலே திமிங்கிலம் வேட்டையாடிய கப்பல்களைக் கண்ணிவாரிகளாக மாற்றியவற்றிலுமே அவர்கள் தொழில் பழகினர். இலங்கை அரசாங்கம் முதன்முதலாக வாங்கிய ‘ஓவர்டேல் வைக்’ இவ்வகைச் சேவைக்கு உரியதே. ‘ஹொக்சா’, ‘செம்லா’, ‘சம்பூர்’, ‘ஒகாப்பி’ என்பன வேறு சில. துறைமுக வாயில்களை வாரிக் காப்பதே இவற்றின் கடமை. எனினும் பர்மாக் கரைவரை சென்று வேலை செய்தவர்களும் இப்படையினருள் இருந்தனர். 1943 இல் இத்தாலி சரணடைந்தபோது ‘எரித்திரேயா’ என்னும் இத்தாலியக் கப்பலின் சரணை ஏற்றுக் கரைசேர்க்கும் பணியும் இவர்களுக்கே கிடைத்தது.

லோஸ்டொப்டிலே, அந்தப் பூங்காவுக்கு அருகில், கடலைப் பார்த்தபடி ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. 1953 இல் திறந்து வைக்கப்பட்டது. அதன் அடியிலுள்ள வெண்கலத் தகடுகளில் 2,385 பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கடலையன்றி வேறு சமாதி இல்லாதவர்களின் பெயர்கள் மாத்திரமே அவை. கரையிலே அடக்கம் செய்யப்பட்டவர்கள் அக்கணக்கிற் சேரவில்லை.

தப்பி வந்த ட்ரோலர்கள் சாம்பல் வர்ணத்தைச் சுரண்டிவிட்டு மறுபடியும் மீன்பிடிக்கப் போயின. இரண்டு யுத்தங்களின் பின்னரும் மடியிலே மீனோடு கண்ணி ஏறி வந்து மீனவரைக் கொன்றதுண்டு. இரண்டாம் யுத்தம் முடிந்து 75 ஆண்டுகள் சென்றபின், 2020 டிசம்பர் 15 ஆம் திகதி, நோர்போக் கரைக்கு அப்பால் நண்டுக் கூடுகளின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த ஒரு படகின் அடியிலே, கடற்தரையிற் கிடந்த பழைய ஜேர்மானியக் குண்டு வெடித்தது. படகில் இருந்த எழுவரில் ஐவர் படுகாயமுற்றனர். சிதைந்துபோன அந்தப் படகைக் கட்டியிழுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தது கிறிம்ஸ்பித் துறையிலேதான்.